ஆடுகள் இல்லாத சுவர்

மஸ்கட்,
10.2.2002

அன்புத் தம்பி ஜாபஸுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் ஞானப்பூவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போன கடிதத்தில் கேட்டேன். நீ எழுதவில்லை. அவள் மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, போட்டாச்சு என்பாள். பக்கத்தில் நின்று விழுங்க வை.

கோயில் பீடத்தின் பின்சுவரில் அப்பா நினைவாக நீ படம் வரைவது என்று கமிட்டியில் முடிவானதை அய்யாதுரை மாமா எழுதியிருந்தார். செயலாளர் என்பதை விடு, அப்பாவுக்கு அவர் அவ்வளவு சிநேகிதம். நீ ஏதும் வீம்பு பண்ணாமல் ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். நல்ல மேய்ப்பர் படம். ஐப்பசியில் வருகிற கோயில் பண்டிகைக்குள் முடித்துவிடு.

ஒன்று சொல்கிறேன், கேள். வெம்பக்கோட்டை அணைக்கட்டையே வரை. நீ காலண்டருக்கு வரைந்த அணைக்கட்டைத்தான் என் அறையில் மாட்டியிருக்கிறேன். கூட இருக்கிற மலையாள நர்ஸ், “உங்க ஊர்ல இவ்வளவு தண்ணியா?” என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். ஆடுகளுக்கு முகம் தெளிவாக இருக்கட்டும். தூரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து ஏமாற்றாதே.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
வெம்பக்கோட்டை வழி,
3.3.2002

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரையை இப்போது நான் எண்ணித்தான் கொடுக்கிறேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி அணைக்குப் போய்விடுகிறேன். மாசி வெயிலுக்குத் தண்ணீர் பித்தளை நிறமாகத் தெரிகிறது. கரையில் புல் இல்லை, கருவேலம்தான். புல்லை நான் போட்டுக்கொள்வேன். கிழக்கே பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் பனைகளை நகர்த்திவிட்டேன். சுவரில் கோடு போட்டாயிற்று. ஆடுகளுக்குக் கண்ணிமை வரைக்கும் வரைகிறேன், போதுமா?

என்னிடம் எட்டாவது வரை படித்தாளே வள்ளித்தாய், பொன்னுத்தங்கத்தின் மகள், அவள் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “சார், கோயில் படத்துல என்னையும் போடுவீகளா?” என்றாள். “நீ என்ன ஆடா?” என்றேன். “அட, ஆட்டுக்குப் பின்னால நிக்கிறவளா போடுங்க சார்” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். போடலாம் என்றுதான் நினைக்கிறேன். போதகர் ஐயரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஜாபஸ்

*

மஸ்கட்,
2.6.2002

தம்பி ஜாபஸுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று தெரியவில்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் ஞானப்பூ எடுத்து, “அவுக கோயில்ல இருக்காக” என்று வைத்துவிடுகிறாள்.

ஞாயிறு ஜெபக்கூட்டத்துக்கு வந்த நாசரேத் பையன் ஒருவன், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி வெடித்துவிட்டது என்றான். நம் ஆட்கள் யாரும் இல்லையே? ஒரு வரி எழுது.

உன் அக்கா,
ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
16.6.2002

அன்பான அக்காவுக்கு,

அம்மா சுகம். நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

கம்பெனி வெடித்தது மே மாதம். எட்டுப் பேர் போய்விட்டார்கள். நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாத அறையில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருந்தார்கள். ஆர்டர் நெருக்குகிறது என்று கதவுக்கு வெளியேயும் வெடிமருந்தைக் காய வைத்திருந்தார்கள். நான் அன்றைக்கு அணைக்கரையில் இருந்தேன். பலகையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வள்ளித்தாய் இரண்டு நாள் இருந்தாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்று பெற்றவர்கள் வந்தார்கள். பலரிடம் போட்டோவே இல்லை. “சார், நீங்கதான் படிக்க வச்சீக, உங்களுக்கு முகம் தெரியும், சிரிச்ச மாதிரி போட்டுக் குடுங்க” என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். ஏழு முகம் வந்தது. வள்ளித்தாய் முகம் வரவில்லை. மூன்று வருஷம் என் முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை. ஒவ்வொரு கருவேல இலையையும் பார்க்காமலே வரைகிறவன் நான். எத்தனை தாளைக் கிழித்தாலும் அந்த முகம் வரவில்லை. கடைசியில் அவள் இடத்தில் பிரஸ்காரன் ஒரு ரோஜாப்பூவைப் போட்டு அடித்துவிட்டான். பொன்னுத்தங்கம் வீட்டில் அந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில் என்ன தொங்குகிறது தெரியுமா? அதே கம்பெனியின் காலண்டர். நான் வரைந்த அணைக்கட்டு. ஷெட்டுகளை எடுத்துவிட்டுப் பனை வைத்த படம்.

சுவரில் புல்லையெல்லாம் சுரண்டிவிட்டேன். வேறு ஒன்று போடுகிறேன். அதில் ஆடுகள் இல்லை.

அக்கா, மதுரையில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தீர்களே. இந்த மாதிரிக் கேஸ்கள் உங்களிடம் வந்ததுண்டா? அன்றைக்கெல்லாம் எப்படிச் சாப்பிட்டீர்கள்?

ஜாபஸ்

*

மஸ்கட்,
5.7.2002

தம்பிக்கு,

உன் கடிதம் படித்து அழுதேன். பொன்னுத்தங்கத்திடம் நான் விசாரித்ததாகச் சொல். நான் சுகம். இங்கே வெயில் நம் ஊரைத் தோற்கடிக்கிறது.

ஆனால் ஆடுகள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அய்யாதுரை மாமா கடிதமும் அதே வாரம் வந்தது. “உன் தம்பி சாயத்தைக் கொட்டிவிட்டான், சின்னப் பிள்ளைகள் பீடத்தைப் பார்க்கப் பயப்படுகிறார்கள்” என்று எழுதுகிறார். துக்கம் எல்லோருக்கும் உண்டு. அப்பா நினைவுச் சுவரில்தானா அதைக் காட்ட வேண்டும்? கோயிலுக்கு வருகிறவள் ஆறு நாளும் மருந்துப்பொடியில் கிடந்துவிட்டு வருகிறாள். ஏழாம் நாளாவது அவள் கண்ணுக்குக் கொஞ்சம் பச்சையும் தண்ணீரும் வேண்டாமா?

பழையபடி வரை. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அம்மா மாத்திரை போடுகிறாளா?

ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
28.7.2002

அன்பான அக்காவுக்கு,

அம்மா மாத்திரை போடுகிறாள். உங்கள் உடம்புக்கு எழுதுங்கள்.

கண்ணுக்குப் பச்சை வேண்டும் என்கிறீர்கள். பத்து வருஷமாக அதைத்தான் கொடுத்தேன். கம்பெனிக்காரன் வீட்டுக் கூடத்திலும் என் பச்சைதான் தொங்குகிறது. அந்த ஊரில் இப்படி ஒரு புல் இருக்கிறது என்று பார்க்கிறவனை நம்ப வைத்தவன் நான்தான். இனிமேல் என் கை அதைச் செய்யாது.

தூரிகையைப் போட்டுவிட்டுக் கொத்துக்கரண்டியால் பூசினேன். கோடு போட்டுப் பார்த்தேன், அக்கா. கோடு போட்டால் அது ஒரு பொருளாகிவிடுகிறது, பானை மாதிரி, மரம் மாதிரி. நான் பார்த்ததற்கு ஓரமே இல்லை. எங்கே துணி முடிகிறது, எங்கே உடம்பு தொடங்குகிறது என்று இல்லை. அதனால் கோட்டை விட்டுவிட்டேன். நிறம் மட்டும்தான்.

கமிட்டியைக் கூட்டினார்கள். அய்யாதுரை மாமா சுவருக்கு முன்னால் நின்று கேட்டார்.

“ஏலே ஜாபஸு, ஆடு எங்கன?”

“இல்ல மாமா.”

“புல்லு?”

“இல்ல.”

“மேய்ப்பராவது இருக்காராலே?”

“அவரு அன்னைக்கு எங்கன போயிருந்தாருன்னுதான் நானும் கேக்குறேன் மாமா.”

ஐயர் எழுந்து ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் பொன்னுத்தங்கம் வந்தாள். கோயிலுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. இருக்கன்குடி மாரியம்மாளுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை அது. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், இதுல எம்புள்ள எங்கன இருக்கா?”

“மொத்தமும்தாம்மா” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

“தெரியலையே” என்றாள். “தெரியலன்னா எதுக்கு வரைஞ்சீக?”

விடுவிடுவென்று வெளியே போனாள். முற்றத்து மண்ணை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். கம்பெனிக்காரன் பெயரைச் சொல்லி, “நாசமாப் போவான், அவன் வாசல்ல வெளக்கெரியாமப் போகும்” என்று சுவரைப் பார்த்துத் தூற்றினாள். பெயிண்ட் ஈரமாக இருந்தது. மண் ஒட்டிக்கொண்டது. நான் தட்டிவிடவில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

ஜாபஸ்

*

மஸ்கட்,
12.8.2002

ஜாபஸுக்கு,

சுகம். சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போதகர் முன்னால் அப்படிப் பேச உனக்கு எவ்வளவு துணிச்சல்! அப்பா இருந்திருந்தால் பெல்ட்டை உருவியிருப்பார். நீயே எழுதியிருக்கிறாய், முகம் வரவில்லை என்று. அதுதான் விஷயம். முகம் வரைய வராதவன் சாயத்தை அப்பிவிட்டுக் கேட்பவனிடம் தத்துவம் பேசுகிறான். பெற்றவளே வந்து பார்த்துப் பிள்ளை தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். இதற்கு மேல் உனக்கு யார் சொல்ல வேண்டும்?

அம்மா வாரா வாரம் அதற்கு எதிரே உட்கார வேண்டுமே, அதை நினைத்தாயா? அப்பா பெயரை அதன் கீழ் எழுதினால் நான் அந்தக் கோயில் வாசல் மிதிக்க மாட்டேன்.

ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
25.8.2002

அக்காவுக்கு,

அம்மா சுகம்.

சிவகாசியிலிருந்து ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து சுவரைப் படம் எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பார்க்காமலே திட்டுகிறீர்கள். பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

ஜாபஸ்

*

மஸ்கட்,
14.9.2002

ஜாபஸ்,

போட்டோவை முழுக்க வெளியே எடுக்கவில்லை. பாதி வந்ததுமே தெரிந்துவிட்டது. மேசையில் கவிழ்த்து வைத்தேன். டியூட்டிக்குப் போனேன். வந்தேன். மறுபடி எடுத்தேன்.

யார் உனக்கு இதைக் காட்டினது?

இடது பக்கம் இருக்கிற வெள்ளை, களிம்பு பூசின வெள்ளை. நடுவில் ஈரமான ரோஜா நிறம், தோல் போன இடம். அதன் ஓரத்து மஞ்சள் என்னவென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் எந்த வார்டு என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வருஷமும் தீக்காய வார்டுதான். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் நம் பக்கத்திலிருந்து வேன் வேனாக வரும். “அக்கா, நீங்க எங்கூரு மாதிரிதான் பேசுதீக” என்று அந்தப் பிள்ளைகள் என்னிடம்தான் தண்ணீர் கேட்கும். எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாயே. ரசத்தை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். கறி சமைத்த வீட்டுப் பக்கம் போக மாட்டேன். மஸ்கட்டுக்கு வந்தது எதற்கு என்று ஊரே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறது. நான் வந்தது, நம் பேச்சுப் பேசுகிற பிள்ளை ஒருத்தி என் முன்னால் கட்டிலில் கிடக்கக் கூடாது என்று.

கடல் தாண்டி வந்து நான் மறந்துகொண்டிருப்பதை நீ எடுத்து அப்பா சுவரில் பூசியிருக்கிறாய். உன்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. புரியாமல் எதிர்க்கிறேன் என்று நினைத்தாயா? எனக்குத்தான் புரிந்தது. அந்தக் கமிட்டியில் ஒருத்தனுக்கும் புரிந்திருக்காது.

இன்னொன்று. உன் போட்டோ வருவதற்கு முன்பே அய்யாதுரை மாமாவுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். குடும்பத்தின் சார்பில் எனக்குச் சம்மதம், வெள்ளையடித்துவிடுங்கள் என்று. இன்று தந்தி கொடுக்கிறேன். நீ ஓடிப்போய்த் தடு. கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே.

அம்மாவிடம் எந்த வார்டு என்று சொல்லிவிடாதே.

ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
6.10.2002

அக்காவுக்கு,

உங்கள் தந்திக்கு முன்னாலேயே மாமாவுக்கு நீங்கள் போட்ட கடிதம் வந்துவிட்டது. அதைக் கமிட்டியில் சத்தமாக வாசித்தார்கள். “மூத்தவளே சொல்லிட்டா, பெறகு என்ன?” என்றார் அய்யாதுரை மாமா. சனிக்கிழமை காலையில் இரண்டு ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். குறுக்கே போய் நின்றேன். மணியடிக்கிற கோயில்பிள்ளையும் ஐயரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். எண்ணெய்ப் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு நிற்கவில்லை. மூன்று தடவை அடித்தார்கள். ரோஜா நிறம் மூன்று தடவையும் மேலே வந்தது. அப்புறம் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள்.

இப்போது அதன் மேல் சிவகாசியில் அடித்த ஃபிளெக்ஸ் ஒன்று தொங்குகிறது. பனிமலை, பச்சைப் புல், கொழுத்த ஆடுகள். எந்தத் தேசத்து மலையோ! பொங்கல் காலண்டருக்கு வாங்கி வைத்திருந்த படமாம். ஆடுகளுக்கு முகம் தெளிவாக இருக்கிறது. கீழே, ‘தலைமையாசிரியர் தேவாசீர்வாதம் நினைவாக, அன்பு மக்கள் ஜெனிட்டா, ஜாபஸ்.’

யார் காட்டினது என்று கேட்டீர்கள். வள்ளித்தாயை ஏற்றிப்போன வேனில் ஆள் போதவில்லை. என் மடியில்தான் தலையை வைத்திருந்தாள். மதுரை வரைக்கும். அதற்கு மேல் எழுதக் கேட்காதீர்கள். பழைய முகத்தை வரையலாம் என்று உட்காரும்போதெல்லாம் மடியில் இருந்த முகம் குறுக்கே வருகிறது.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது.

ஜாபஸ்

*

மஸ்கட்,
30.10.2002

தம்பிக்கு,

கோபப்படு. என் கையெழுத்தில்தான் அந்தச் சுவர் போயிற்று. மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தையால் சிமெண்ட் பெயராது.

அந்தப் பனிமலையிலிருந்து அப்பா பெயரையும் என் பெயரையும் எடுக்கச் சொல்லி ஐயருக்கும் மாமாவுக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். எடுக்கவில்லையென்றால் நீ கத்தரியை எடு.

மறுபடி வரை. எங்கேயாவது வரை. இந்தத் தடவை நான் சொல்வதைக் கேட்டு வரை. உன் மஞ்சள் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. நாலைந்து நாள் கழித்து அதில் பச்சை கலக்கும். கறுப்பை ஓரத்தில் வைத்திருக்கிறாய், அது நடுவிலும் இருக்கும், தீவு தீவாக. சிவப்பு அவ்வளவு இராது. வெள்ளைதான் மோசம். நரம்பும் வெந்து வலிக்காத இடம் அது. வலிக்கவில்லை அக்கா என்று அந்தப் பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்லும். கேட்டுக்கொண்டு நிற்கிற எங்களுக்குத்தான் தெரியும். வெள்ளையை இன்னும் கூட்டு.

உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

ஜெனிட்டா

*

நல்லாயன்புரம்,
8.6.2003

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? இத்தனை மாதம் ஒழுங்காக எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம்.

பொங்கல் கழிந்து அந்தக் கம்பெனி வேறு பெயரில் திறந்துவிட்டது. அதே ஷெட்டு, அதே ஆட்கள். என் எட்டாம் வகுப்பில் மூன்று பெஞ்சு காலி. காலண்டர் ஏஜெண்ட் வந்து, அணைக்கட்டுப் படம் இன்னொன்று வேண்டும் என்றார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

மாசியில் ஒருநாள் பொன்னுத்தங்கம் வந்தாள்.

“சார், கோயில் சுவத்துல போட்டீகளே, அத துணில போட முடியுமா?”

“அதுல புள்ள தெரியலன்னு சொன்னீங்களேம்மா.”

“தெரியலதான். போஸ்டர்ல மட்டும் தெரியுதாக்கும். ஏழு பேரு பல்லக் காட்டிச் சிரிக்காக. எம்புள்ள எடத்துல ரோசாப்பூ. அதத் தூக்கிக்கிட்டு நியாயம் கேட்டு எம்புட்டு வாசல் ஏறி எறங்கியாச்சு. சிரிக்கிற புள்ளையப் பாத்து எவன் சார் பயப்படுதான்? அன்னைக்கு உங்க சுவத்தப் பாத்து எனக்கு வயித்தக் கலக்குச்சு. அது அவனுகளுக்கும் கலக்கணும்.”

போட்டேன், அக்கா. வெள்ளைக் காடாத்துணி, ஒரு லாரி நீளம். மஞ்சளில் பச்சை கலந்தேன். கறுப்பை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சிவப்பைக் குறைத்தேன். வெள்ளைக்கு நான் ஒன்றும் பூசவில்லை. துணியை அப்படியே விட்டுவிட்டேன், பாதிக்கு மேல்.

காய வைத்திருந்தபோது அம்மா வந்து பார்த்தாள். உங்கள் வார்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, சத்தியம். அவளாகவே, “இது ஜெனிட்டா இருந்த எடம்லா” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மாசாமாசம் அவ கொண்டாந்த உடுப்பத் தொவைச்சது யாருலே? எத்தன சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. அவ சொல்லல, நானும் கேக்கல” என்றாள். கேட்டிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, உங்கள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

கம்பெனி வெடித்து வருஷம் திரும்பிய அன்று விசாரணைக்காகக் கம்பெனி மேனேஜர் விருதுநகர் வருகிறான் என்று தெரிந்து எட்டு வீட்டு ஆட்களும் பஸ் ஏறினோம். அம்மாவும் வந்தாள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ரோட்டோரமாகத் துணியை விரித்துப் பிடித்தோம். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் என்ன படம் என்று கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் கிட்டே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளிப்போனார்.

பன்னிரண்டு மணி வெயிலில் மேனேஜர் வெளியே வந்தான். துணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வாத்தியாரே, இதச் சுருட்டச் சொல்லுங்க. பாக்கச் சகிக்கல.”

“சகிக்காதுல்ல?” என்றாள் பொன்னுத்தங்கம். “எங்களுக்கும்தான்.”

அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் துணியோடு ரோட்டில் இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றோம். டிரைவர் ஹாரனை அமுக்கினான். கண்ணாடியை ஏற்றினார்கள். பொன்னுத்தங்கம் நகரவில்லை. ஹாரன் விடாமல் அடித்தது. நான் பிடித்திருந்த துணி முனை தாழ்ந்தது. பக்கத்தில் நின்ற அம்மா என் கையிலிருந்த முனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ போயித் தண்ணி குடிச்சிட்டு வாலே. நாங்க பிடிச்சுக்கிடுதோம். இன்னைக்கு அவன் பாத்துட்டுதான் போகணும்.”

உங்கள் தம்பி,
ஜாபஸ்